கன்றுத்தோல் பூமி

ஆம்பூர்
25-1-1935, வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய சுகிர்தம் டீச்சரம்மா அவர்களுக்கு, தோல் ஷாப்பில் வேலை செய்யும் கன்னியப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

இங்கே நானும் என் சம்சாரம் கோவிந்தம்மாளும் மகள் செண்பகமும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும். திண்டுக்கல் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? அந்த ஊரிலும் தோல் ஷாப்புகள் உண்டு என்று எங்கள் மேஸ்திரி இஷ்தியாக் அகமது சாயபு சொன்னார். எங்கள் ஊர் நாற்றத்திலிருந்து நீங்கள் தப்பித்தீர்கள் என்று நினைத்தால், அது உங்களுக்கு முன்னாலேயே ரயிலேறிப் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் ஜாதகம் அப்படி.

நீங்கள் எழுதிய கடிதம் கார்த்திகை தீபத்துக்கு நாலு நாள் முன்னால் வந்து சேர்ந்தது. செண்பகத்தை அனுப்பினால் உங்கள் பள்ளிக்கூடத்து விடுதியில் சேர்த்துக்கொண்டு ஆறாம் வகுப்பு படிக்க வைப்பதாகவும், டீச்சர் பரீட்சை வரைக்கும் அவள் உங்கள் பொறுப்பு என்றும் எழுதியிருந்தீர்கள். தை மாதம் முடிவதற்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். நான் இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. என்னை நன்றி கெட்டவன் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்திருந்தால் தப்பில்லை. பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தபோதெல்லாம் கை ஓடவில்லை. இன்று ஷாப்புக்கு லீவு. அம்மாவும் மகளும் துணி துவைக்க ஆற்றுக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். சாயந்திர வகுப்பில் எங்களை உட்கார வைத்து நீங்கள் சொல்லிக் கொடுத்த எழுத்துத்தான் இது. பிழை இருந்தால் பாதிப் பழி உங்களுக்கு.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இந்த ஊருக்கு வந்த முதல் நாள், பள்ளிக்கூடத்துக்கு வழி தெரியாமல் ஷாப் வாசலில் நின்று என்னை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டீர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறீர்கள் என்று இருந்துவிட்டேன். எங்கள் சேரி ஆளை இந்த ஊரில் 'டேய்' என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் தூரத்தில் நின்று. மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் அது எனக்கு என்று புரிந்தது. தெற்கே உங்கள் ஊரில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று நீங்கள் பிறகு சொன்னீர்கள். இருக்கட்டும். எனக்கு அது ஒரு தடவை நடந்ததே போதும்.

அடுத்தது சூரியன் விஷயம். ஷாப்பில் என் வேலை உலர்த்துவது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி எடுத்த தோலை நிழலில்தான் காய வைக்க வேண்டும். வெயில் பட்டால் கறுத்து வெடித்துவிடும். நிழல் ஒரு இடத்தில் நிற்காது. அது நகர நகர நான் தோல் தொங்கும் கொம்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சூரியனைத் திட்டியிருக்கிறேன். ஒரு நிமிஷம் சும்மா நிற்க மாட்டாயா என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன். ஒரு சாயந்திரம் நீங்கள் சிம்னி விளக்கை நடுவில் வைத்து, கையில் ஒரு கத்தரிக்காயைத் தம்பூரா முறுக்காணி போலத் திருகித் திருகிக் காட்டி, சூரியன் நின்ற இடத்திலேயே இருக்கிறது, நாம்தான் சுற்றுகிறோம், அதனால்தான் பகலும் இரவும் என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அத்தனை வருஷமும் ஒரு பாவமும் செய்யாதவனைத் திட்டியிருக்கிறேனே என்று இருந்தது.

மறுநாள் உங்களிடம் வந்து, தை மாதத்து மத்தியானத்தில் என் கொம்பு நிழல் வடக்கே நீளமாக விழுகிறதே, ஆனி ஆடியில் அதே கொம்பு தெற்குப் பக்கம் நிழல் போடுகிறதே, அது ஏன் என்று கேட்டேன். பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு ஷாப்புக்கே வந்துவிட்டீர்கள். ஒரு வருஷம் முழுக்க மாதம் ஒரு தடவை என் கொம்பு நிழலுக்குக் கோடு போட்டீர்கள். பூமி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றி வருவதால்தான் அப்படி என்று பிறகு விளக்கினீர்கள். புத்தகத்தில் படித்திருந்தேன், கண்ணால் பார்த்தது இப்போதுதான் என்று அத்தனை பிள்ளைகள் முன்னால் சொன்னீர்கள். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதைக் கோவிந்தம்மாளிடம் மூன்று தடவை சொன்னேன். நாலாம் தடவை அவள் எழுந்து போய்விட்டாள்.

இனி நான் எழுத வந்த விஷயம். நீங்கள் அறிந்த கதைதான். என் பக்கத்துக் கதையை நீங்கள் அறிய மாட்டீர்கள்.

கத்தரிக்காய் பூமி வேண்டாம், உருண்டையாக ஒன்று தைத்துக் கொடுங்கள், ஆட்டுத்தோல் துண்டு போதும் என்று நீங்கள் கேட்டீர்கள். நான் சரி என்றேன். ஆனால் மனசு கேட்கவில்லை. ஆட்டுத்தோலில் எல்லோரும் பை தைக்கிறார்கள், செருப்புக்கு உள்வார் போடுகிறார்கள். டீச்சரம்மா கேட்டது பூமி. அதுவும் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த டீச்சரம்மா. எங்கள் தொழிலில் நல்லதிலும் நல்லது எது என்று கேட்டால் கன்றுத்தோல் என்போம். அவ்வளவு மிருதுவாக, ஒரு மடிப்பு இல்லாமல் இருக்கும். இஷ்தியாக் சாயபுவிடம் போய்க் கேட்டேன். பூமிக்கா, நல்லதாகவே எடுத்துக்கொள் என்று அவரே ஒரு துண்டைத் தேடிக் கொடுத்தார். அதைப் பன்னிரண்டு சுளையாக வெட்டி, உள்ளே ஆட்டுமயிரை அடைத்துத் தைத்தேன். இடுப்பில் கொஞ்சம் பருத்துவிட்டது. வெட்கத்தோடு கொண்டுவந்து கொடுத்தேன். நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நிஜப் பூமியும் நடுவில் கொஞ்சம் பருத்துத்தான் இருக்கிறது அண்ணாச்சி என்று சிரித்தீர்கள். அது என்னைச் சமாதானம் பண்ணச் சொன்ன பொய் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். எந்தத் தோல் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குப் படவில்லை. தோல்காரன் புத்தி தோலைத் தாண்டிப் போகவில்லை.

ஆடி மாதம் இன்ஸ்பெக்டர் ஐயா வந்த அன்று நான் பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் நின்றேன். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. அவர் நான் தைத்த உருண்டையை இரண்டு கையாலும் எடுத்தார். விரலால் சுற்றிப் பார்த்தார். பேஷ் என்றார். கூட வந்த ஊர்ப் பெரிய மனிதர் இரண்டு பேரிடமும் கொடுத்தார். அவர்களும் வாங்கிப் பார்த்தார்கள். என் கை தைத்ததை அவர்கள் கை வாங்குவதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போதுதான் அவர், இது என்ன தோல் என்று சும்மா கேட்டார். செண்பகம் குதித்து எழுந்தாள்.

"கன்னுத்தோல் சார். நாலு மாசத்துக் கன்னு. எங்கப்பா இதுக்குன்னே பொறுக்கி எடுத்துச்சு."

அவள் முகத்தில் இருந்த பெருமையை நீங்களும் பார்த்தீர்கள். இன்ஸ்பெக்டர் ஐயா உருண்டையை மேஜை மேல் மெதுவாக வைத்தார். கை கழுவத் தண்ணீர் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட இருந்தவர்கள்தான் குதித்தார்கள். பசுங்கன்றைக் கொன்ற தோலில் பூமாதேவியைச் செய்து எங்கள் கையிலும் கொடுப்பதா, யார் செய்தது, அவனை இழுத்து வாருங்கள் என்றார்கள். அன்றைக்கு அவர்கள் இருந்த கோபத்துக்கு, என் வீட்டைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். சாயபு நல்லவர், ஆனாலும் ஊரை எதிர்த்து என்னை வேலையில் வைத்திருக்க அவரால் முடிந்திருக்காது.

நீங்கள் எழுந்து நின்று, அவனுக்கு ஒன்றும் தெரியாது, கன்றுத்தோல்தான் வேண்டும் என்று நான்தான் கேட்டு வாங்கினேன் என்றீர்கள்.

டீச்சரம்மா, நீங்கள் பொய் சொல்லி நான் பார்த்தது அது ஒன்றுதான். நான் மரத்தடியில் இருந்தேன். நாலு எட்டு வைத்தால் வாசல். இல்லை, அவர்கள் ஆட்டுத்தோல்தான் கேட்டார்கள், நான் செய்த தப்பு இது என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் உங்களை மாற்றிவிட்டார்கள். போகிற அன்று எங்கள் தெருவுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டீர்கள். என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். உங்கள் கடிதத்துக்கு இரண்டு மாதம் பதில் போடாததற்கு இதுதான் காரணம். என்னால் இந்த ஊர் வேலையை இழந்த அம்மாவிடம், இன்னும் ஒரு உபகாரம் செய்யுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

நீங்கள் போன பிறகு வந்த வாத்தியார் எங்கள் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே உட்காரச் சொன்னார். வெளியிலிருந்து கரும்பலகை தெரியவில்லை என்று செண்பகம் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு போவதை நிறுத்திவிட்டாள். இப்போது ஷாப்பில் அம்மாவோடு பட்டை இடிக்கிறாள். உருண்டையை வாத்தியார் குப்பையில் போடச் சொன்னாராம், அவள் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். இதற்கிடையில் காவேரிப்பாக்கத்திலிருந்து கோவிந்தம்மாளின் அண்ணன் பெருமாள் வந்தார். அவர் மகன் துரைசாமிக்குச் செண்பகத்தைக் கேட்டார். பங்குனியில் பரிசம் என்று பேச்சு. பையன் நல்லவன், ஏரிப் பாசனத்தில் வேலை, சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை. கோவிந்தம்மாளுக்கு அதில்தான் இஷ்டம். படித்ததற்குக் கிடைத்தது போதும், அந்தப் பெண் வாயைத் திறந்ததால்தான் டீச்சரம்மாவுக்கே இந்த ஊர் வேலை போச்சு என்பாள்.

போன சனிக்கிழமை சந்திர கிரகணம் பிடித்தது. அங்கேயும் பார்த்திருப்பீர்கள். இருட்டிக் கொஞ்ச நேரத்திலேயே ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெருவில் வழக்கம்போல அடுப்பை அணைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பச்சையப்பன் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்தான். அது நின்றது. பாம்பு பிடித்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி என்றான். (மறுநாள் பட்டப்பகலில் செண்பகம் அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை நிறுத்திக் காட்டினாள். அப்போதும் நின்றது. பச்சையப்பன் அவளோடு இன்னும் பேசவில்லை.)

அவன் மகள் சம்பூர்ணம் ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. கிரகணம் பட்டால் பிள்ளைக்கு ஊனம் வரும் என்று அவளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். இருட்டில் அவள் அழுதாள். செண்பகம் போய்க் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பயப்படாதே அக்கா, பாம்பும் இல்லை ஒன்றும் இல்லை, சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவில் நாம் வந்துவிட்டோம், நம் பூமியின் நிழல் சந்திரன் மேல் விழுகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் விலகிவிடும் என்றாள். சம்பூர்ணம் அழுகையை நிறுத்திவிட்டு உள்ளிருந்து கேள்வி கேட்க ஆரம்பித்தாள். தெருவே கூடிவிட்டது. செண்பகம் வீட்டுக்குள் ஓடிப்போய் உருண்டையை எடுத்து வந்தாள். விளக்கை ஒரு பக்கம் வைத்து, உருண்டையை நடுவில் பிடித்து, எலுமிச்சம்பழத்தை நூலில் கட்டிப் பின்னால் தொங்கவிட்டுக் காட்டினாள். பழம் இருட்டுக்குள் போய் வெளியே வந்தது. அங்கே பாருங்கள், நிழலின் ஓரம் வளைவாக இருக்கிறதா, பூமி உருண்டை என்பதற்கு அதுதான் சாட்சி என்று வானத்தைக் காட்டினாள். நீங்கள் பேசுகிற மாதிரியே, கையைக் கூட அப்படியே ஆட்டிப் பேசினாள்.

கோவிந்தம்மாள் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மகளைக் கூப்பிட்டு, அந்த நிழலில் நம் தெருவும் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் செண்பகம். ஊரார் இருக்கிற பெரிய தெருவும் இருக்கிறதா என்றாள். எல்லாத் தெருவும் இருக்கிறது, பூமி முழுக்க ஒரே நிழல்தான் அம்மா என்றாள் மகள். அதற்குக் கோவிந்தம்மாள் கேட்டாள்:

"தெருவுல நம்ம நெழலு மேல பட்டா தலைமுழுவுறாங்க. அங்க அவங்க நெழலும் நம்ம நெழலும் ஒண்ணாத்தான கீது? இன்னா பண்ணுவாங்க, பிரிச்சு எடுப்பாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. தெருவில் இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து அதையே பார்த்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. பிறந்ததிலிருந்து நிழலைக் கூட ஒடுக்கிக்கொண்டு நடக்கப் பழகியவர்கள் நாங்கள். அவள் அதை ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். அதைக் கேட்க வைத்தவர் நீங்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் நடந்ததை எழுதியிருக்கிறேன்.

கிரகணம் விட்டு, குளித்து, சோறு ஆக்கிச் சாப்பிட்ட பிறகு கோவிந்தம்மாள் என்னிடம், டீச்சரம்மா கடிதத்துக்குப் பதில் எழுதினாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். எழுது என்றாள். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் திருப்பிச் சொல்ல மாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டு பேரும் காவேரிப்பாக்கம் போய், பரிசம் வேண்டாம், மகள் படிக்கப் போகிறாள் என்று சொல்லிவிட்டு வந்தோம். மச்சான் எங்களைத் திட்டவில்லை. இனி என் வாசலுக்கு வராதீர்கள் என்று மட்டும் சொன்னார். திரும்பி வருகிற வழியெல்லாம் கோவிந்தம்மாள் ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அது அவள் பிறந்த ஊர். முந்தானையால் முகத்தை இரண்டு தடவை துடைத்தாள். ஆனாலும் திரும்பிப் போகலாம் என்று அவள் சொல்லவில்லை.

அங்கே சொல்லிவிட்ட பிறகுதான் உங்களுக்கு எழுதுகிறேன். எனவே விடுதியில் இடம் இல்லை என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். இதுதான் எங்கள் சம்மதம். இரண்டு பேருடைய சம்மதம். ஆனியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நானே கொண்டுவந்து விடுகிறேன்.

அவளைப் பற்றிச் சில விஷயம். அவசர அவசரமாகச் சாப்பிடுவாள், மெல்லச் சொல்லுங்கள். எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் பிடிக்காது, ஏமாற்றுவாள். பதின்மூன்று வயதாகியும் அம்மா முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். முதல் சில நாள் தூங்க மாட்டாள். நாங்களும் தூங்க மாட்டோம், அது போகட்டும். நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு சூரியன், தூரத்தில் இருப்பதால் சின்னதாகத் தெரிகிறது என்று நீங்கள் சொன்னதிலிருந்து, அந்த ஒவ்வொன்றுக்கும் கீழே யாராவது தோல் காய வைக்கிறார்களா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆண்டவன் உங்களை நோய் நொடி இல்லாமல் வைக்க வேண்டும். உங்கள் சாமியிடம் ஒரு தடவையும் எங்கள் மாரியம்மனிடம் ஒரு தடவையும் கேட்டிருக்கிறேன். யாராவது ஒருவர் செய்வார்கள்.

கடைசியாக ஒன்று. யார் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிற பெண் அவள். உன் அப்பன் யார், எந்தத் தெரு, என்ன வேலை என்று அங்கேயும் கேட்பார்கள். அவள் மறைக்க மாட்டாள். அந்தக் குணத்தைத் திருத்திவிடாதீர்கள். அதனால் பேஜார் ஏதாவது வந்தால், டீச்சரம்மா, போன தடவை போல நீங்கள் முன்னால் போய் நிற்க வேண்டாம். எனக்கு ஒரு கார்டு போடுங்கள். அன்றைக்கே ரயிலேறி வந்துவிடுவேன். இந்தத் தடவை நான் உள்ளே வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
செண்பகத்தின் அப்பா
கன்னியப்பன்